ஓட்டை இல்லை, வெற்றிடமும் இல்லை

உறைநிலையில் உலர்த்தப்பட்ட ஊசிமருந்துக் குப்பிகளின் மூடலைச் சோதிப்பவர் முன் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தக் குப்பியில் இப்போது ஓட்டை இருக்கிறதா என்பது ஒன்று. மூடிய நாளிலிருந்து இன்றுவரை எப்போதாவது வெளிக்காற்று இதற்குள் புகுந்ததா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் இரண்டாவதற்கும் சேர்த்தே கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும் வழக்கம் எங்கள் தொழிலில் பரவலாக இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் ஊசிமருந்து தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் எங்களுக்கு எப்படி வந்தது என்பதையும், குப்பியைத் திறக்காமலேயே அதற்குள் இருப்பதை அறியும் முறைகளில் எது எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

இத்துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக மூடும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கரைசல் நிரப்பிய குப்பியின் வாயில் ரப்பர் ஸ்டாப்பரைப் பாதி மட்டும் செருகி, லையோ என்று நாங்கள் அழைக்கும் உலர்த்தும் இயந்திரத்தின் தட்டுகளில் அடுக்குவோம். ஸ்டாப்பரின் கால்களுக்கு இடையே உள்ள இடைவெளி வழியாக நீராவி வெளியேறும். உலர்த்தல் முடிந்ததும் சேம்பருக்குள் தூய நைட்ரஜனை விட்டு, அழுத்தத்தை வெளிக்காற்றைவிட (அது ஏறத்தாழ 1000 மில்லிபார்) சற்றுக் குறைவாக, எடுத்துக்காட்டாக 800 மில்லிபாரில் நிறுத்துவோம். சில மருந்துகளுக்கு நைட்ரஜனே விடாமல் முழு வெற்றிடத்தில் மூடுவதும் உண்டு. பிறகு தட்டுகள் ஒன்றை நோக்கி ஒன்று நகர, மேல்தட்டின் அடிப்பக்கம் கீழ்த்தட்டுக் குப்பிகளின் ஸ்டாப்பர்களை முழுவதுமாக உள்ளே அழுத்திவிடும். அலுமினிய மூடி இந்தக் கட்டத்தில் போடப்படுவதில்லை. குப்பிகளை வெளியே எடுத்து, வரிசையில் ஓடவிட்டு, வேறோர் இயந்திரத்தில் கிரிம்ப் செய்கிறோம், அதாவது அலுமினிய மூடியைப் போட்டு அதன் விளிம்பை இறுக மடிக்கிறோம். ஸ்டாப்பர் அழுந்துவதற்கும் அலுமினிய மூடி இறுகுவதற்கும் இடையில் சில நிமிடங்களோ சில மணி நேரமோ கழியலாம். தொல்லைகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

எங்கள் நிறுவனத்திற்கு வந்த புகார், வேலூரில் உள்ள ஒரு மருத்துவமனையின் மருந்தகத்திலிருந்து வந்தது. ஒரே பேட்ச்சைச் சேர்ந்த சில குப்பிகளில் “இழுவை இல்லை” என்று எழுதியிருந்தார்கள். நேரில் சென்று கேட்டபோது வார்டில் இருந்த செவிலியர் ஒருவர் செய்தே காட்டினார். ஊசியை ஸ்டாப்பரில் குத்தியதும் சிரிஞ்சின் பிஸ்டன், யாரும் தள்ளாமலேயே மெல்ல முன்னோக்கி நகர்ந்தது; தண்ணீர் மெல்லிய தாரையாக இறங்கி, வெள்ளை மருந்துக் கட்டியின் ஓரத்தை நனைத்தது. “பாருங்க சார், நல்ல பாட்டில்னா கொஞ்சம் தண்ணி தானா உள்ள போயிடும், மிச்சத்தத்தான் நாம தள்ளணும். போன வாரம் வந்ததுல சிலது அப்படி இல்ல. மொத சொட்டுல இருந்தே தள்ள வேண்டியிருக்கு. ஊசிய வெளிய எடுத்தா மருந்து பீச்சி கையில அடிக்குது” என்றார். அவர் சொன்னது கணக்குக்கும் பொருந்துகிறது. மருந்துக் கட்டிக்கு மேலே 10 மில்லிலிட்டர் வெற்றுப் பகுதி 800 மில்லிபாரில் இருந்தால், வெளியழுத்தத்துக்குச் சமமாகும் வரை ஏறத்தாழ 2 மில்லிலிட்டர் தண்ணீரை அது தானாகவே உள்ளிழுத்துக்கொள்ளும். எங்கள் ஆய்வகத்தில் எத்தனையோ கருவிகள் இருந்தும், இந்தக் குறையை முதலில் கண்டுபிடித்தது அந்தச் செவிலியரின் கட்டைவிரல்தான்.

அதே பேட்ச்சின் இருப்பு மாதிரிகளை எடுத்து, அப்போது எங்களிடம் இருந்த வெற்றிடத் தேய்வுச் சோதனைக்கு அனுப்பினோம். குப்பியைச் சிறிய உலோகக் கூட்டுக்குள் வைத்து, கூட்டிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கூட்டின் அழுத்தம் மீண்டும் ஏறுகிறதா என்று பார்ப்பது இம்முறை. குப்பியில் ஓட்டை இருந்தால் உள்ளிருக்கும் வாயு கூட்டுக்குள் கசியும், அழுத்தம் ஏறும். குப்பிக்கு எந்தச் சேதமும் இல்லை. விடை எண்ணாகக் கிடைக்கிறது. பார்ப்பவரின் கண்ணை நம்ப வேண்டியதும் இல்லை. அத்தனை குப்பிகளும் தேறின. நீலச் சாயத்தில் மூழ்கவைத்துப் பார்க்கும் பழைய சோதனையையும் செய்தோம். ஒன்றில்கூட நிறம் ஏறவில்லை. ஆகவே குப்பிகளில் குறையில்லை, மருத்துவமனையில் கையாண்ட விதத்தில்தான் ஏதோ குறை இருக்க வேண்டும் என்று நிறுவனத்திற்குள் ஒரு தரப்பு முடிவுகட்டத் தொடங்கியது. அந்த முடிவுடன் எனக்கு உடன்பாடில்லை. தினம் நூறு ஊசி போடும் கை பொய் சொல்லாது என்பது என் கட்சி.

வெளி ஆய்வகம் ஒன்றில், தலைவெளியில், அதாவது குப்பிக்குள் மருந்துக்கு மேலே உள்ள வெற்றுப் பகுதியில் இருக்கும் வாயுவை லேசர் கொண்டு அளக்கும் கருவி இருந்தது. மாதிரிகளை அங்கே கொண்டுபோனோம். குப்பியின் கழுத்துக்குக் கீழே, மருந்துக் கட்டிக்கு மேலே இருக்கும் வெற்றுப் பகுதி வழியாக ஒரு மெல்லிய அகச்சிவப்பு லேசர் கதிரைச் செலுத்துகிறார்கள். ஆக்சிஜன் மூலக்கூறு ஏறத்தாழ 760 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். நீராவி ஏறத்தாழ 1400 நானோமீட்டரில் உறிஞ்சும். எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதிலிருந்து ஆக்சிஜனின் அளவும் ஈரப்பதமும் தெரியும். உள்ளே வாயு நெருக்கமாக இருந்தால் மூலக்கூறுகள் அடிக்கடி மோதிக்கொள்வதால் நீராவியின் உறிஞ்சல் கோடு அகன்றுவிடும். அந்த அகலத்திலிருந்து மொத்த அழுத்தத்தைக் கணக்கிடலாம். ஒரு குப்பிக்குச் சில நொடிகள் போதும். அளந்த குப்பியை அப்படியே திரும்ப எடுத்துவைத்து, பின்னொரு நாள் அதே குப்பியை மறுபடியும் அளக்கலாம். இந்தக் கடைசி வசதியின் அருமை எங்களுக்குச் சில வாரங்கள் கழித்துத்தான் முழுமையாகப் புரிந்தது.

முடிவுகள் இப்படி வந்தன: பெரும்பாலான குப்பிகள் 800 மில்லிபாரை ஒட்டியும் ஆக்சிஜன் 1 விழுக்காட்டுக்குக் கீழேயும் இருந்தன. ஒரு சிறு தொகுதி மட்டும் வெளியழுத்தத்துக்குச் சமமாக இருந்தது. அந்தத் தொகுதிக்குள்ளும் ஆக்சிஜன் ஒரே அளவில் இல்லை. சிலவற்றில் 4 விழுக்காட்டை ஒட்டியும், சிலவற்றில் அதைவிட வெகுவாகக் கூடியும் இருந்தது. 4 என்ற எண் தற்செயலானதல்ல. 800 மில்லிபார் நைட்ரஜன் இருக்கும் குப்பிக்குள் வெளிக்காற்று 200 மில்லிபார் அளவுக்குப் பாய்ந்தால், அந்தக் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதால், மொத்தத்தில் ஏறத்தாழ 4.2 விழுக்காடு வரும். அதாவது வெற்றிடம் காற்றை ஒருமுறை உள்ளிழுத்து முடித்தவுடனேயே வழி அடைபட்டுவிட்டது. ஆக்சிஜன் 4ஐத் தாண்டி 10, 12 என்று போயிருந்தால், அழுத்தம் சமமான பிறகும் வழி திறந்தே இருந்து, ஆக்சிஜன் மெல்ல ஊடுருவிக்கொண்டிருந்தது என்று பொருள். ஆகவே அழுத்தம், ஆக்சிஜன் ஆகிய இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால், குப்பி எவ்வளவு நேரம் திறந்து கிடந்தது என்பதைக்கூட ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஒன்றை மட்டும் அளந்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் ஆய்வகங்களுக்கு இந்த வசதி இல்லை.

சில வாரங்கள் கழித்து அதே குப்பிகளை மறுபடியும் அளந்தபோது ஆக்சிஜன் அளவு துளியும் மாறவில்லை. நிரந்தர ஓட்டையாக இருந்திருந்தால் அது 20.9ஐ நோக்கி ஏறியிருக்க வேண்டும். ஆகவே காற்று புகுந்தது ஒரு காலகட்டத்தில். அதற்குப் பிறகு குப்பி இறுக மூடிக்கொண்டது. வெற்றிடத் தேய்வுச் சோதனையில் அவை தேறியதில் வியப்பேதும் இல்லை. அந்தச் சோதனை தன்னிடம் கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் சொன்னது.

காரணத்தைத் தேடி லையோ அறையின் இறக்கும் பக்கம் போய் நின்றோம். மூத்த ஆபரேட்டர் ஒருவர், “மேல் தட்டு வண்டிய பாருங்கண்ணா, கண்ணுக்கு நேரா வச்சுப் பாருங்க” என்றார். குனிந்து, குப்பிகளின் வாய் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து, விளக்கை எதிர்ப்பக்கம் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது: ஸ்டாப்பரின் விளிம்புக்கும் கண்ணாடி உதட்டுக்கும் நடுவே, சில குப்பிகளில் மட்டும், முடி நுழையும் அளவுக்கு ஒரு வெளிச்சக் கீற்று. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஸ்டாப்பர் அழுந்திய பிறகு தட்டு மேலேறும்போது, ரப்பரின் மேற்பரப்பு தட்டின் அடியில் பிசினாய் ஒட்டிக்கொண்டு, பிரியும் நேரத்தில் ஸ்டாப்பரை ஒரு இழை மேலே தூக்கிவிட்டிருந்தது. பிறகு கிரிம்ப் இயந்திரம் அதை மறுபடியும் கீழே அழுத்தி, அலுமினிய மூடியால் கட்டிவிட்டது. இடையில் ஷிப்ட் மாறும் நேரம் வந்தால் குப்பிகள் மேசையில் காத்திருக்கும். காத்திருந்த நேரத்துக்கு ஏற்ப ஆக்சிஜன் ஏறியிருந்தது.

ஸ்டாப்பரை அழுத்தும் விசையையும், அழுத்தி வைத்திருக்கும் நேரத்தையும், தட்டு மேலேறும் வேகத்தையும் மாற்றினோம். மேற்பரப்பில் வழவழப்புப் பூச்சுள்ள ஸ்டாப்பருக்கு மாறினோம். வாயின் உட்பக்கம் சிறு பள்ளம் வார்க்கப்பட்ட குப்பிகளும் கிடைக்கின்றன. ஸ்டாப்பர் எகிறாமல் அந்தப் பள்ளம் பிடித்துக்கொள்ளும். கிரிம்ப் செய்வதற்கு முன்பே உயர்ந்த ஸ்டாப்பரைப் படமெடுத்துத் தள்ளிவிடும் கேமராவும் வரிசையில் வந்தது. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது ஒரு எளிய பழக்கம்: ஒவ்வொரு குப்பியும் எந்தத் தட்டில், எந்த மூலையில் இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு மாதிரி எடுப்பது. கண்ணை மூடிக்கொண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்தால் சராசரிதான் கிடைக்கும், காரணம் கிடைக்காது.

லேசர் கருவி எல்லாருக்கும் கட்டுப்படியாகாது என்பதால், முழு வெற்றிடத்தில் மூடப்படும் குப்பிகளுக்குப் பழைய ஸ்பார்க் டெஸ்டர் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இயங்குவதால், கோழிகளுக்கான ராணிக்கெட் தடுப்பூசி போன்ற உறைநிலையில் உலர்த்திய மருந்துகள் எங்கள் ஊர்ப்பக்கத்துக்குப் புதியவை அல்ல. இந்தச் சோதனையை எனக்குக் கற்றுக்கொடுத்தவரும், கால்நடைத் தடுப்பூசித் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர்தான். அறையை இருட்டாக்கி, உயர் அதிர்வெண் மின்பொறி உமிழும் கருவியின் நுனியைக் குப்பியின் பக்கவாட்டில் நெருக்கமாகக் காட்டுவார். உள்ளே நல்ல வெற்றிடம் இருந்தால் குப்பி முழுவதும் வெளிர்நீலமாகவோ ஊதாவாகவோ மிளிரும். காற்று புகுந்த குப்பியில் பொறி கண்ணாடியின் வெளிப்புறத்தில் நூலாக ஊர்ந்துவிட்டுப் போகும், உள்ளே இருட்டாகவே இருக்கும். “ஒரே எடத்துல நிறுத்தாத தம்பி, பொறி கண்ணாடிய தொளச்சிரும். நல்லா இருந்த பாட்டில நாமளே ஓட்டை பண்ணிடுவோம்” என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அலுமினிய மூடியின் பக்கம் நுனியைக் கொண்டுபோனால் பொறி உலோகத்துக்குத் தாவிவிடும் என்பதால் அடிப்பகுதியிலேயே காட்ட வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அந்த அறைக்குள் இருக்கக் கூடாது.

இம்முறையின் எல்லையையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் உள்ளே ஒளிரும். 800 மில்லிபாரில் மூடிய குப்பியில் எதுவுமே தெரியாது. அதை வைத்து அந்தக் குப்பி கெட்டது என்றும் சொல்ல முடியாது, நல்லது என்றும் சொல்ல முடியாது. எண் கிடைப்பதில்லை; ஒருவர் பார்த்த ஊதா இன்னொருவருக்கு மங்கலாகத் தெரியும். விரைவாக வடிகட்டுவதற்கு உதவும். பேட்ச்சை வெளியே விடும் முடிவை அதன்மேல் வைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. கரைசல் நிரப்பிய குப்பிகளுக்குப் பெயர்பெற்ற உயர் மின்னழுத்தக் கசிவுச் சோதனையும் இங்கே உதவாது. அதற்கு மின்சாரம் கடத்தும் திரவம் வேண்டும், எங்கள் குப்பிகளில் இருப்பது உலர்ந்த கட்டி.

மூடியவுடன் அளப்பதா, சில நாட்கள் கழித்து அளப்பதா என்ற கேள்வி அடுத்தது. 1 மைக்ரான் விட்டமுள்ள ஓட்டை வழியாக வெற்றிடத்துக்குள் நொடிக்கு ஏறத்தாழ 0.00014 மில்லிபார்-லிட்டர் காற்று நுழையும் என்று கொண்டால், முழு வெற்றிடத்தில் இருக்கும் 10 மில்லிலிட்டர் தலைவெளி நிரம்புவதற்கு இருபது மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். 5 மைக்ரான் ஓட்டையில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 0.1 மைக்ரான் என்றால் மாதக்கணக்கு. கிரிம்ப் வரிசையின் முடிவிலேயே அளந்தால் பெரிய ஓட்டைகளும் உயர்ந்த ஸ்டாப்பர்களும் மாட்டும்; நுண்ணிய ஓட்டை தப்பிவிடும். ஆகவே காத்திருக்கும் காலத்தைக் குப்பியின் அளவு, மூடிய அழுத்தம், கருவியால் பிரித்தறிய முடிந்த மிகச்சிறிய மாற்றம் ஆகிய மூன்றையும் வைத்துக் கணக்கிட்டு, முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நல்ல உற்பத்தி நடைமுறைகளின் முதலாம் பின்னிணைப்பு 2022இல் திருத்தப்பட்டு 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது, வெற்றிடத்தில் மூடிய குப்பிகளில் வெற்றிடம் நிலைத்திருக்கிறதா என்பதை முன்கூட்டித் தீர்மானித்த காலத்துக்குப் பிறகும், மருந்தின் ஆயுட்காலத்திலும் சோதிக்கும்படி கேட்கிறது. ஸ்டாப்பர் செருகியபின் கூடிய விரைவில் கிரிம்ப் செய்யும்படியும் சொல்கிறது. அமெரிக்க மருந்து நூலின் 1207ஆம் அத்தியாயம் சாயச் சோதனை போன்றவற்றை நிகழ்தகவு சார்ந்தவை என்று தனியே பிரித்துவைக்கிறது. நம் நாட்டிலும் நல்ல உற்பத்தி நடைமுறைகளைச் சொல்லும் எம் அட்டவணை (Schedule M) திருத்தப்பட்டு 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபின் சிறிய நிறுவனங்களும் இவற்றைப் பேசத் தொடங்கியிருக்கின்றன.

மெல்ல ஏறும் அழுத்தம் எல்லாம் கசிவு என்று பதறவும் கூடாது. நீராவியில் கிருமி நீக்கிய ரப்பர் ஸ்டாப்பரை நன்றாக உலர்த்தாவிட்டால் அதில் தங்கிய ஈரம் மாதங்கள் போகப்போகத் தலைவெளிக்கு வரும். முழு வெற்றிடக் குப்பியில் இது சில மில்லிபார் ஏற்றமாகத் தெரியும். ஆக்சிஜன் ஏறாமல் நீராவி மட்டும் ஏறியிருந்தால் ஓட்டையைத் தேடுவதை விட்டுவிட்டு, ஸ்டாப்பர் உலர்த்தும் அடுப்பின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

ராணிப்பேட்டை மாவட்டத்துத் தட்பவெப்பம் இந்த அளவீட்டில் நேரடியாகத் தலையிடும். கத்திரி வெயிலில் ஏற்றுமேடையில் சூடேறிய பெட்டியில் இருந்து எடுத்த குப்பியை உடனே அளந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். 5 டிகிரி குளிர் அறையில் இருந்து எடுத்ததை அப்படியே அளந்தால், 25 டிகிரியில் 800 காட்டும் குப்பி ஏறத்தாழ 750ஐக் காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் குளிர்ந்த குப்பியின் வெளிப்புறத்தில் உடனே வியர்வை கட்டும். அந்த நீர்ப்படலம் நீராவிக்கான லேசர் கதிரையே குழப்பிவிடும். குப்பிகளை அளக்கும் அறையிலேயே வைத்து அறை வெப்பத்துக்கு வரவிட்டு, பஞ்சிழை ஒட்டாத துணியால் துடைத்து, லேபிள் ஒட்டுவதற்கு முன்பே அளப்பது எங்கள் வழக்கமாயிற்று. கதிர் செல்லும் பாதையில் வெளிக்காற்றின் ஆக்சிஜனும் ஈரமும் குறுக்கிடாதபடி நைட்ரஜன் ஓட்டம் தடையில்லாமல் இருக்க வேண்டும். சிலிண்டர் தீரும் தறுவாயில் எடுத்த அளவுகள் எல்லாம் சற்றுக் கூடுதலாக வருவதை, ஒப்பீட்டுக் குப்பிகளை இடையிடையே வைத்து அளந்துகொண்டிருந்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம். மருந்துத் தூள் கழுத்துவரை படிந்த குப்பியில் கதிர் சிதறும். அவற்றைத் தனியே வைத்து, குப்பியைச் சற்றுத் திருப்பி மறுபடியும் அளக்க வேண்டும்.

கருவி கசிவைக் கண்டுபிடிக்கிறது என்பதை மெய்ப்பிக்க, வேண்டுமென்றே கசியவிட்ட குப்பிகள் தேவை. கண்ணாடியில் லேசரால் துளைத்த குப்பிகளைச் சான்றிதழுடன் விலைக்கு வாங்கலாம். அவற்றின் ஓட்டை தூசியாலோ மருந்துத் தூளாலோ அடைபட்டுவிடும் என்பதால் ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் அதன் கசிவு வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். ஸ்டாப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய கம்பி ஒன்றை வைத்துக் கிரிம்ப் செய்தால், உண்மையில் நிகழும் குறைக்கு அது இன்னும் நெருக்கமாக இருக்கிறது என்பது என் கருத்து. எங்கள் வரலாற்றைப் பொறுத்தவரை இவற்றோடு மூன்றாவது வகை ஒன்றையும் சேர்த்தோம்: ஸ்டாப்பரைச் சிறிது தூக்கி, காற்று புகவிட்டு, பிறகு ஒழுங்காகக் கிரிம்ப் செய்த குப்பிகள். வெற்றிடத் தேய்வுக் கருவி இவற்றைத் தேர்ச்சி என்றும் லேசர் கருவி தோல்வி என்றும் காட்டுவதைப் பயிற்சிக்கு வரும் புதியவர்களுக்கு நேரில் காட்டினால், நீண்ட விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை.

புகார்களை ஆராய்பவர்களுக்கு ஊரின் உயரமும் தெரிந்திருக்க வேண்டும். உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே வெளியழுத்தம் 780 மில்லிபாரை ஒட்டித்தான் இருக்கும். 800 மில்லிபாரில் மூடிய குப்பி, எந்தக் குறையும் இல்லாமலேயே, அங்கே தண்ணீரை உள்ளிழுக்காது. மலையூர் மருத்துவமனையில் இருந்து “இழுவை இல்லை” என்று கடிதம் வந்தால் முதலில் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்க வேண்டும். விமானத்தின் சரக்கு அறையிலும் இதே கதைதான். அங்கெல்லாம் ஸ்டாப்பரைப் பிடித்து நிறுத்துவது வெற்றிடமல்ல, கிரிம்ப் மட்டுமே.

மருத்துவமனைகளுக்கு நாங்கள் அனுப்பும் கடிதத்தில் இப்போது ஒரு வேண்டுகோள் சேர்ந்திருக்கிறது. குறை தென்பட்டால், ஊசி குத்திய குப்பியை மட்டும் அனுப்பாமல், அதே அட்டைப்பெட்டியில் குத்தாமல் மீதமிருக்கும் குப்பிகளையும் சேர்த்து, லேபிளைக் கிழிக்காமல், அவை இருந்த வெப்பநிலையையும் ஊரின் பெயரையும் எழுதி அனுப்பும்படி கேட்கிறோம். குத்திய குப்பியின் தலைவெளியில் அளப்பதற்கு எதுவும் மிஞ்சியிருப்பதில்லை.